தண்ணீருக்கு ஒரு வழி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

கல்லூரியில் கற்பது பாதி, நண்பர்களோடு சுற்றிக் கற்பது பாதி என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. முதல் பாதியின் நிலவரத்தை ஆசிரியப் பெருமக்கள் எங்கள் விடைத்தாள்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் பாதியைப் பற்றிச் சொல்ல இந்த ஆண்டு மலரை விட்டால் வேறு இடம் ஏது? ஆகவே, சென்ற தீபாவளி விடுமுறையில் நாங்கள் நால்வர் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் மழையில் நனைந்த கதையை இங்கே எழுதத் துணிகிறேன்.

முதலில் நால்வரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயரைச் சொன்னால் மறுநாள் விடுதி வாசலில் உதை விழும் என்பதால் ஊரைச் சொல்லியே அழைக்கிறேன். கிள்ளையான் என் வகுப்புத் தோழன். சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள கிள்ளைதான் அவன் ஊர். வில்லியனூரான் இயற்பியல் மாணவன். எதைச் சொன்னாலும் "நிரூபி" என்பான். பாகூரான் படிப்பது வரலாறு. எந்த ஊருக்குப் போனாலும் நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்துவிடும். நான்காமவன் அடியேன், மூலக்குளத்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மண் லாரியில் வேலை செய்கிறார். பள்ளமான மனைகளுக்குச் செம்மண் அடித்து, மம்முட்டியால் நிரவி, மேடாக்கிக் கொடுப்பது அவர் தொழில். நான் தாவரவியல் எடுத்தபோது எங்கள் தெருவில் ஒருவர் விடாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "செடி கொடியைப் படிச்சு என்னப்பா ஆகப் போவுது?" கம்ப்யூட்டர் படிப்பவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அப்பா மட்டும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

பாடப் புத்தகத்தில் சதுப்புநிலத் தாவரங்களுக்கு ஒரு பகுதி உண்டு. சேற்றுக்கு மேலே தலை நீட்டும் மூச்சுவேர், மரத்தைத் தாங்கி நிற்கும் தாங்குவேர், தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும் விதை ஆகிய மூன்றையும் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கண்ணால் கண்டதில்லை. அதைச் சொன்னபோது கிள்ளையான் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க மாமா தெனமும் துடுப்பு போடுற எடத்த நீ பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றான். அந்தச் சிரிப்புத்தான் எங்கள் பயணத்துக்கு வித்து.

புதுச்சேரியிலிருந்து கடலூர், கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் என்று மூன்று பேருந்துகள் மாறினோம். பையில் ஒரு தார்ப்பாய், இரண்டு டார்ச் விளக்கு, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது வில்லியனூரானின் நெடுநாள் கனவு. "ராத்திரியில உள்ள தங்க விடமாட்டாங்க தம்பி. தங்கினாலும் கொசு உங்கள விடாது" என்று கிள்ளையானின் தாய்மாமா அந்தக் கனவை முதல் பேச்சிலேயே கலைத்துவிட்டார். ஆகவே பகலில் படகு, இரவில் மாமா வீட்டுத் தென்னந்தோப்பில் தார்ப்பாய்க் கூடாரம் என்று முடிவாயிற்று. மாமா அங்கே துடுப்புப் படகு ஓட்டுபவர். வயது ஐம்பது இருக்கும். பேச்சு குறைவு.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு நடுவே இந்தக் காடு விரிந்து கிடக்கிறது. பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர். ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள்; அவற்றுக்கிடையே பின்னிப் பின்னி ஓடும் வாய்க்கால்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கைகோத்து ஏறி இறங்கும் இடம் இது. ஈரநிலங்களைக் காக்க 1971-ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டதல்லவா? அதன் பட்டியலில் பிச்சாவரம் 2022-இல் இடம்பெற்றது. ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்டின் புகழ் அதற்கும் பழையது. "இங்கதான் 'இதயக்கனி' படம் எடுத்தாங்க" என்று மாமா துடுப்பாலேயே சுட்டிக் காட்டினார். அந்தப் படம் வெளிவந்தது 1975-இல். அரை நூற்றாண்டு ஆகியும் அந்த வாய்க்காலுக்கு எம்.ஜி.ஆர். வாசனை போகவில்லை.

படகு அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்தது. இருபுறமும் சுரபுன்னை மரங்கள். வில்லாக வளைந்து நீருக்குள் இறங்கும் வேர்கள், ஆயிரம் கால் மண்டபத்தை நினைவூட்டின. தலைக்கு மேலே கிளைகள் கைகோத்துப் பந்தலாகி, நண்பகலிலேயே அந்தி ஒளி. கிளைகளிலிருந்து பச்சைப் பென்சில்கள் போல முளைத்த விதைகள் தொங்கின. நான் வரைந்த அதே படம்! "இதுதான், இதுதான்!" என்று எழுந்து நின்றேன். படகு ஆடியது. "உக்காருங்க தம்பி, அது எங்கயும் போவாது" என்றார் மாமா.

இன்னும் சற்று உள்ளே வெண்கண்டல் மரங்கள். அவற்றைச் சுற்றிச் சேற்றில் விரல் விரலாக மூச்சுவேர்கள். காற்றே இல்லாத சேற்றில் வேர் எப்படி மூச்சு விடும்? ஆகவேதான் வேரின் ஒரு கிளை மேல்நோக்கி வளர்ந்து வெளியே வந்து சுவாசிக்கிறது. உப்பு நீரைக் குடித்து, மிகுந்த உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடும் வித்தையும் இம்மரத்துக்குத் தெரியும். ஓரிடத்தில் மாமா ஒரு மரத்தைக் காட்டி, "இதத் தொடாதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வ போயிடும்" என்று எச்சரித்தார். அதுதான் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். நடராசர் கோயிலின் தல மரத்தைக் கண்குளிரக் காண வேண்டுமானால் இந்தக் காட்டுக்குத்தான் வர வேண்டும்.

வழியில் ஒரு காட்சி என்னை வாயடைக்க வைத்தது. கழுத்தளவு நீரில் நாலைந்து பெண்கள். பின்னிய சிறு கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, படகும் இல்லை. இருளர் மக்கள் இப்படித்தான் மீன்பிடிக்கிறார்கள் என்று கிள்ளையான் மெதுவாகச் சொன்னான். அவர்களில் மூத்தவர் ஒருவர் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்த ஊரு, என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மரத்தப் பத்தியா? அதுக்குக் காலேஜா?" என்று சிரித்துவிட்டு மறுபடியும் கூடையைக் கவ்விக்கொண்டார். மூலக்குளத்துக் கேள்வி எனக்கு முன்பே பிச்சாவரம் வந்து சேர்ந்திருந்தது!

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கடல் பக்கம் வானம் கறுத்தது. மாமா படகைத் திருப்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சரம் சரமாக அல்ல, சுவர் சுவராக. திறந்த நீர்ப்பரப்பில் மின்னல் வேளையில் போகக் கூடாது என்று மாமா ஒரு குறுகிய கிளை வாய்க்காலுக்குள் படகைச் செலுத்தி, சுரபுன்னை வேரில் கயிற்றைக் கட்டினார். உயிர்காப்புச் சட்டைகளுக்கு மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலு பேரும் கோழிக்குஞ்சுகள் போல ஒடுங்கினோம். பாகூரான் புளிச்சோற்றுப் பொட்டலத்தை மட்டும் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். முதலில் என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்த கிளை, இப்போது நெற்றியைத் தொட்டது. கிளை இறங்கவில்லை, நாங்கள்தாம் ஏறிக்கொண்டிருந்தோம். கடல் நீர் ஏறும் வேளையும் மழையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. "எல்லாரும் படுத்துக்குங்க" என்றார் மாமா. படகின் அடிப்பலகையில் தேங்கிய மழைநீரில் மல்லாந்து படுத்தோம். முகத்துக்கு மேலே இலைகள் உரசின. வில்லியனூரான் அன்று முதன்முறையாக எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை.

ஏறும் தண்ணீரை நாங்கள் அறியாதவர்களா? 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்! மூலக்குளத்தில் எங்கள் தெரு பள்ளத்தில் இருப்பது. வாசற்படி, கூடம், கட்டில் கால் என்று தண்ணீர் ஏறியதை நான் டார்ச் விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதலாண்டுப் புத்தகங்களை அம்மா பரண் மேல் ஏற்றினார்; அரிசி மூட்டையை அதற்குப் பிறகுதான் தூக்கினார். அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் சூழ்ந்தது. வில்லியனூரானுக்குச் சங்கராபரணி. எங்கள் நால்வரில் வெள்ளம் தெரியாதவன் எவனும் இல்லை.

ஆனால் அன்று வாய்க்காலில் படுத்திருந்தபோது ஒரு வேறுபாடு புலப்பட்டது. எங்கள் தெருவில் ஏறிய நீர் நாள்கணக்கில் போகவில்லை. இங்கே ஏறிய நீர் ஒன்றரை மணி நேரத்தில் தானே இறங்கத் தொடங்கியது. மரங்கள் பதறவில்லை. நண்டுகள் வேரில் இரண்டு சாண் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. நீர் வடிந்ததும் இறங்கிப் போய்விட்டன. மழையும் ஓய்ந்தது. மாமா கயிற்றை அவிழ்த்தார். "பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். நால்வரும் ஒரே குரலில் "இல்லை" என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்றிரவு தென்னந்தோப்பில் கூடாரம் போட்டோம். நள்ளிரவுத் தூறலில் அது சரிந்து விழ, மாமா வீட்டுத் திண்ணைக்குக் குடிபெயர்ந்தோம். அத்தை கொடுத்த சூடான வரக்காப்பியோடு சுனாமிப் பேச்சு வந்தது. 2004 டிசம்பர் 26. நான் அப்போது பிறக்கவில்லை. கடலோரத் திட்டில் இருந்த ஊர் அழிந்ததையும், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலை ஓய்ந்து வந்ததையும் மாமா சொன்னார். அவர் சொந்தத்திலும் சிலர் போய்விட்டார்கள். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்தவர்கள், மரங்கள் அடர்ந்த இடங்களுக்குப் பின்னே சேதம் குறைவாக இருந்ததாக 2005-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஊர் இருந்த மேடும் கடலிலிருந்த தொலைவும்கூடக் காரணம் என்று வேறு சிலர் மறுத்து எழுதியதும் உண்டு. வில்லியனூரானுக்காக இதையும் குறித்து வைக்கிறேன். ஆனால் மரம் அலையை ஆற்றும் என்பது நம் முன்னோருக்குப் புதுச்செய்தி அல்ல. அலையாத்தி என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது! கண்டல் மரங்களே வேலியாக நின்ற கடற்கரை ஊர்களை நற்றிணையும் காட்டுகிறது.

மறுநாள் காலை வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. மாமா எங்களை வேறொரு பக்கம் அழைத்துச் சென்றார். நடுவே ஒரு வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். அவற்றின் கரையெங்கும் வெண்கண்டல். "நான் உங்க வயசுல இருந்தப்ப இந்த எடம் வழுக்கத் தலையாக் கெடந்துச்சு. ஒரு புல்லு மொளைக்காது" என்றார்.

அதன் வரலாறு இது. விறகுக்காக இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. 1970-களில்தான் அது முடிவுக்கு வந்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டு, சேறு காய்ந்து, நிலம் அமிழ்ந்து தொட்டி போலாயிற்று. பெருக்கின்போது உள்ளே வந்த கடல் நீர் வெளியேற முடியாமல் தங்கிற்று. தங்கிய நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சிற்று. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறி, உப்பில் வாழப் பிறந்த மரமே அங்கு முளைக்க முடியாமல் போயிற்று. மரத்தைக் கொன்றது உப்பு நீர் அல்ல, ஓடாத நீர். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நீர் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. பிறகு நட்டது பிழைத்தது.

"இதோ இந்த வாய்க்கால நான் வெட்டியிருக்கேன். கூலிக்குத்தான் போனேன்" என்றார் மாமா. அந்த மனிதர் ஒரே இடத்தில் மட்டும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து துடுப்புப் போட்டார் என்றால், அது அந்த இடத்தில்தான். நான் குனிந்து வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்தேன். இரவு மழை உப்பையெல்லாம் கழுவியிருந்தது. ஆனாலும் மெல்லிய கரிப்பு இருந்தது. மரம் வேலையைத் தொடங்கிவிட்டது!

மூலக்குளம் திரும்பிய அன்றிரவு, அப்பாவிடம் இதைச் சொன்னேன். வழக்கமாக என் பாடங்களை அவர் மரியாதையோடு கேட்பார், அவ்வளவுதான். அன்று சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, தரையில் விரலால் கோடு போட்டார். "வாய்க்கா எத்தன அடி ஆழம்? வெட்டுன மண்ண எந்தப் பக்கம் கொட்டுனாங்க? கரையா நிப்பாட்டிட்டா தண்ணி மேல ஏறாதேடா" என்று கேட்டார். என் புத்தகத்தில் இந்தக் கேள்வியே இல்லை. தொலைபேசியில் மாமாவைப் பிடித்துக் கொடுத்தேன். மண் வெட்டிய ஒருவரும் மண் அடிக்கும் ஒருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை.

பேசி முடித்த பிறகு அப்பா சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "நாங்க ஒரு மனைய மூணு அடி மேடாக்குனா, அந்த மூணு அடித் தண்ணி எங்கயாவது போய்த்தானே நிக்கணும். பக்கத்துத் தெருவுல நிக்கும். அந்தப் பக்கத்துத் தெரு நம்ம தெருதான். தெரிஞ்சுதான் செய்யறோம். இத விட்டா வேற பொழப்பு?" என் கல்லூரிக் கட்டணமும் பேருந்துக் காசும் அந்தச் செம்மண்ணில் வந்தவை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுந்து கை கழுவப் போகும்போது அவர் கேட்டார்: "இந்த மரத்த எல்லாம் எங்க நடலாம், எங்க நடக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் உன் படிப்பா?" ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றார்.

அன்பு நண்பர்களே! செடியைப் படித்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு என் பதில் இப்போது சிறியது, ஆனால் உறுதியானது. பிச்சாவரத்தில் மரம் ஏன் சாகிறது என்று கண்டுபிடிக்கப் படித்தவர் வேண்டியிருந்தது. அதைப் பிழைக்க வைக்க மம்முட்டி பிடித்தவர் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும் பேறு, நம்மைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதை வீணாக்கலாமா?

பிச்சாவரம் வரை போகக்கூட வேண்டாம். நம் புதுச்சேரியிலேயே தேங்காய்த்திட்டிலும் அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலும் இதே வெண்கண்டல் நிற்கிறது. ஊரின் கழிவையும் குப்பையையும் சகித்துக்கொண்டு நிற்கிறது. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அடுத்த முகாமை அங்கே நடத்தலாம் என்பது என் வேண்டுகோள். முதல் நாளே கன்று நட வேண்டாம். முதல் நாள் கரையில் உட்கார்ந்து தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவோம். இரண்டாம் நாள் குப்பையை அகற்றுவோம். நடுவதை மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளலாம். வாய்க்கால் எங்கே வெட்டுவது என்று சந்தேகம் வந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.